கேஸ் போடுவதா, ஓட்டையைத் தேடுவதா, பெட்டியையே மாற்றுவதா?

ஏசியில் கேஸ் தீராது. அடுப்புச் சிலிண்டர் தீரும், ஸ்கூட்டரில் பெட்ரோல் தீரும். ஏசிக்குள் இருப்பது எரிந்து தீர்கிற சமாசாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் ஒரே வாயு, வீட்டுக்குள் சூட்டை வாங்கி வெளியே கொட்டிவிட்டு, மறுபடி உள்ளே வந்து, அதே வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பத்து வருஷம் ஓடினாலும் அது குறையக் காரணம் கிடையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த எளிய விஷயம் என் மண்டையில் ஏற மூன்று கோடைகளும் ஒன்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயும் ஆயின. சென்னை இந்திரா நகரில், பக்கிங்காம் கால்வாயிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. படுக்கையறை ஏசி 2019-இல் வாங்கிய ஒன்றரை டன் இன்வெர்ட்டர், அதாவது தேவைக்கேற்பத் தன் வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிற வகை. 2022, 2023, 2024 மூன்று வருஷமும் ஏப்ரல் பிறந்ததும் குளிர் குறையும். ஒருவர் வருவார், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டிப் பார்ப்பார், "கேஸ் தீர்ந்துபோச்சு சார்" என்பார். நானும் தலையாட்டுவேன். மூன்றாவது தடவைதான் என் மனைவி கேட்டாள்: "போன வருஷம் போட்ட கேஸ் எங்கே போச்சு?" வந்தவரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் மூன்று ஏசிகளுக்கு மூன்று விதமான முடிவு எடுத்தோம். மூன்றிலும் எங்களுக்கு முதலில் வழி காட்டியது ஏசியின் வயதோ பிராண்டோ இல்லை, ஓட்டை எங்கே இருக்கிறது என்பதுதான். அது தெரியாமல் "ரிப்பேரா, புதுசா" என்று வீட்டில் விவாதம் நடத்துவது, எந்தப் பல் வலிக்கிறது என்று பார்க்காமலே பிடுங்கலாமா அடைக்கலாமா என்று சண்டை போடுவது மாதிரி.

முதலில், கேஸ்தானா?

குளிர் குறைந்ததும் கேஸ் மேல் பழி போடுவது அவசரம். ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். கெபாசிட்டர் பலவீனமாகியிருக்கலாம். வெளியே மாட்டியிருக்கும் அவுட்டோர் பெட்டியைச் சுற்றி யாராவது பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருக்கலாம் (எங்கள் வீட்டில் இதுவும் நடந்தது; அடுக்கியது யார் என்று சொல்ல மாட்டேன்).

கேஸ் குறைந்ததற்கு நம்பத்தகுந்த அடையாளங்கள் வேறு. அவுட்டோருக்கு வரும் இரண்டு குழாய்களில் மெல்லியதன் மேல் வெள்ளையாகப் பனி படியும். அறைக்குள் இருக்கும் இன்டோரின் மூடியைத் திறந்தால் காயிலில் (வாயு ஓடும் வளைந்த குழாய் வரிசையில்) ஒரு மூலை மட்டும் ஐஸ் கட்டியிருக்கும், மீதியெல்லாம் வெதுவெதுப்பு. வாயு குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் அது கொதிக்கும் வெப்பநிலையும் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. அறையின் ஈரம் அங்கே உறைகிறது. ஏதாவது இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் இன்னும் நல்ல தடயம். வாயுவை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் எண்ணெய் கொஞ்சம் வாயுவோடு சேர்ந்தே சுற்றுவதால், வாயு தப்பிக்கும் இடத்தில் அது தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய ஏசியில் கேஸ் குறைந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் அதை மறைத்துவிடும். குளிர் போதவில்லை என்று அதுவாகவே கம்ப்ரசரை வேகமாக ஓட்டிச் சமாளிக்கும். அறை குளிராகத்தான் இருக்கும், மின்கட்டணம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் நம் மாநிலத்தில் அடுக்கே மாறிவிடுவதால், அந்தக் கூடுதல் ஓட்டம் பில்லில் இரட்டிப்பாக உறைக்கும்.

வழி ஒன்று: கேஸ் மட்டும் போட்டுக்கொள்வது

எனக்கு ஒவ்வொரு தடவையும் மூவாயிரத்தைச் சுற்றி ஆனது. ஒரு மணி நேரத்தில் வேலை முடியும், அன்று இரவே தூங்கலாம். மே மாதத்தில், கைக்குழந்தை இருக்கிற வீட்டில், இது சின்ன விஷயம் இல்லை. அதனால் இந்த வழியை நான் முழுக்கக் கேவலமாகப் பேசப்போவதில்லை. நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் குறைகிறது, ஏசியும் ஓய்வுபெறும் வயதில் இருக்கிறது என்றால் போட்டுக்கொண்டு ஓட்டலாம். வாடகை வீட்டைக் காலி செய்ய இரண்டு மாதம் இருக்கும்போது வீட்டுக்காரரின் ஏசிக்குக் காயில் மாற்ற எவரும் முன்வர மாட்டார்கள். அங்கேயும் இதுதான்.

ஆனால் வருஷா வருஷம் என்றால் இது சந்தா கட்டுவது போல. மூன்று தடவை போட்ட பணத்தில் பெரும்பாலும் ஒரு காயிலே வந்துவிடும். அதோடு, கேஸ் குறைவாக ஓடிய மாதங்களில் கம்ப்ரசர் சூடேறித் தேய்கிறது. அதன் மோட்டார் குளிர்வதே அதன் வழியாகப் போகும் வாயுவால்தான்.

எந்தக் கேஸ் என்பதும் முக்கியம். அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பலகையைப் பாருங்கள். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஆர்-32. ஒரே பொருள் என்பதால் பாதி போனபிறகு மீதியைச் சேர்த்தாலும் கலவை கெடாது. சில வருஷங்களுக்கு முந்தையவற்றில் ஆர்-410ஏ இருக்கும். அது ஆர்-32-ம் ஆர்-125-ம் எடையில் சரிபாதி கலந்தது. சிலிண்டரைத் திருப்பி வைத்துத் திரவமாக ஏற்ற வேண்டும், ஆவியாக ஏற்றினால் விகிதம் மாறும். இன்னும் பழையது ஆர்-22. ஆர்-22-இன் அழுத்தமும் எண்ணெயும் மற்ற இரண்டிலிருந்து வேறு. "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று யாராவது சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆர்-22 பெட்டியில் சமையல் வாயுவின் உறவுக்காரர்களை நிரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். குளிரும், நன்றாகவே குளிரும். ஆர்-290 என்கிற புரொப்பேனை வைத்து 2012-லிருந்தே கோத்ரெஜ் இங்கே ஏசி விற்கிறது. ஆனால் அந்தப் பெட்டி அதற்கென்றே வடிவமைத்தது, அளவும் குறைவு. மற்ற பெட்டியில் அதை ஏற்றுவது மூடிய படுக்கையறைக்குள் சிலிண்டரைக் கசியவிடுவதற்குச் சமம்.

இன்னொரு கணக்கு பணத்தில் வராதது. கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஆர்-32 பூமியைச் சூடாக்குவதில் 675 மடங்கு, ஆர்-410ஏ 2,088 மடங்கு. என் படுக்கையறையிலிருந்து ஒரு வருஷத்தில் போனது 800 கிராம் என்று வைத்தால் அது 540 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சுமார் 235 லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருகிற அளவு. என் ஸ்கூட்டர் ஒரு வருஷத்தில் அவ்வளவு குடிப்பதில்லை.

வழி இரண்டு: ஓட்டையைத் தேடுவது

பலர் தாண்டிப்போகிற படி இது. எனக்கு இதற்குத் தனியாக ஆயிரத்து இருநூறு கேட்டார்கள். "தேடுறதுக்கா காசு?" என்று முதலில் எரிச்சல் வந்தது. இப்போது கேட்டால், அந்த மூன்று வருஷத்தில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான காசு அதுதான்.

தேடுவதிலும் மலிவானதிலிருந்து தொடங்க வேண்டும். வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கும் என் அக்கா மகளின் ஏசியில் கேஸ் போட்டு மூன்றே வாரத்தில் குளிர் போய்விட்டது. போன கேஸ் எத்தனை நாள் தாங்கியது என்பதே பாதி நோயறிதல். நாட்களில், வாரங்களில் போனால் இணைப்பிலோ வால்விலோ பெரிய கசிவு இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் மெதுவாகப் போனால் காயிலில் ஊசித்துளை. அவள் வீட்டில் கேஸ் ஏற்றும் வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசி, அதாவது 'பின்', கசிந்தது. அதன் மேல் திருகும் பித்தளை மூடியை முன்பு வந்த யாரோ திரும்பப் போடவே இல்லை. அந்த மூடி அலங்காரத்துக்கு இல்லை, பின் லேசாகக் கசிந்தாலும் தடுத்து நிறுத்தும் இரண்டாவது பூட்டு. பின்னும் மூடியும் சேர்த்து நூறு ரூபாய்கூட ஆகவில்லை. கேஸுக்கும் கூலிக்கும்தான் காசு.

அடுத்த சந்தேகம் ஃப்ளேர் நட். இன்டோரையும் அவுட்டோரையும் குழாயோடு இணைக்கும் பித்தளை நட்கள். மாட்டும்போது அளவுக்கு மீறி முறுக்கினால் செம்பின் விரிந்த வாய் மெலிந்து வெடிக்கும். குறைவாக முறுக்கினால் அவுட்டோரின் அதிர்வில் தளரும். சோப்பு நுரை தடவினால் தெரிந்துவிடும். நுனியை வெட்டிப் புதிதாக விரித்து மாட்டினால் தீர்ந்தது. இந்த வகை ஓட்டை என்றால் ஏசிக்கு எத்தனை வயதானாலும் யோசிக்காமல் சரி செய்யலாம்.

நுரையில் எதுவும் தெரியவில்லை என்றால் நைட்ரஜன். மிச்ச வாயுவை எடுத்துவிட்டு, 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வரை நைட்ரஜனை ஏற்றி, வால்வை மூடி, முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. ஊசித்துளைக்கு ஒரு மணி நேரம் போதாது, ஒரு இரவு விட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: பகலில் 38 டிகிரியில் ஏற்றி, விடிகாலை 28 டிகிரியில் பார்த்தால், ஓட்டையே இல்லாவிட்டாலும் சூடு குறைந்ததாலேயே 10 பிஎஸ்ஐ இறங்கியிருக்கும். அதைப் பார்த்து "லீக் இருக்கு, காயில் மாத்தணும்" என்று சொன்னால் நம்பாதீர்கள். நிஜமாகவே இறங்கியிருந்தால் இன்டோரையும் அவுட்டோரையும் பிரித்துத் தனித்தனியாக ஏற்றினால் எந்தப் பக்கம் என்று தெரியும்.

நைட்ரஜன் இல்லை என்று கம்ப்ரசரை ஓட்டியே காற்றை அடைத்துச் சோதிப்பவர்கள் உண்டு. வெல்டிங் ஆக்சிஜனைக் கொண்டுவருபவர்களும் உண்டு. இரண்டையும் வாசலிலேயே நிறுத்துங்கள். எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தமும் சேர்ந்தால் வெடிக்கும். இது பயமுறுத்தல் இல்லை, கம்ப்ரசர் வெடித்து உயிர் போன சம்பவங்கள் இந்தத் தொழிலில் உண்டு.

வழி மூன்று: காயில்

என் படுக்கையறைக் கதை இங்கேதான் வந்து முடிந்தது. இன்டோரில் ஏற்றிய நைட்ரஜன் மறுநாள் காலை பாதியாகிவிட்டது. காயிலைக் கழற்றிப் பார்த்தால் செம்பின் நிறமே போய் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. சர்வீஸ் பையன் பார்த்தவுடன் கேட்டான்: "பக்கத்துல கால்வாய் இருக்கா சார்?"

சாக்கடை நீரிலிருந்து எழும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது செம்பைத் தின்று கறுப்பாக்கும். கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடலுக்கு நெருங்க நெருங்க வேறு தொல்லை: உப்புக்காற்றில் அவுட்டோரின் அலுமினிய ஃபின்கள் (காயிலைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகள்) பொடிப்பொடியாக உதிரும். மூன்றாவது ஒரு வகை, புதிதாக உள் அலங்காரம் செய்த வீடுகளில் வரும். பிளைவுட் பசை, பெயிண்ட், சில கிளீனர்கள் இவற்றிலிருந்து வரும் ஃபார்மிக், அசிட்டிக் அமிலங்கள் ஈரத்தோடு சேர்ந்து செம்புக்குள் எறும்புப் புற்று மாதிரி கண்ணுக்குத் தெரியாத சுரங்கம் தோண்டும். ஆங்கிலத்திலும் அதற்கு எறும்பின் பெயர்தான்.

காயிலில் ஓட்டை என்றதும் இரண்டு யோசனை சொல்வார்கள்: வெல்டிங் அடிப்பது அல்லது புதுக் காயில். செம்புக் காயிலில், ஓரத்து வளைவில், ஒரே ஒரு இடத்தில், உரசலினாலோ அடிபட்டோ ஏற்பட்ட ஓட்டை என்றால் பிரேஸிங் செய்து, அதாவது வேறொரு உலோகத்தை உருக்கி ஊற்றி, அடைக்கலாம், அது நிற்கும். ஆனால் அரிப்பினால் வந்த ஓட்டைக்கு வெல்டிங் என்பது நைந்த வேட்டியில் ஒட்டுப்போடுவது. ஒரு இடத்தை அடைத்தால் அடுத்த மாதம் இரண்டு அங்குலம் தள்ளித் திறக்கும், ஏனென்றால் காயில் முழுக்க அதே வயது, அதே காற்று. அலுமினியக் காயில் என்றால் வீட்டு வாசலில் வைத்து அதை ஒட்டவைப்பது சரிப்படாது, மாற்றத்தான் வேண்டும். எதைச் செய்தாலும் உள்ளே வாயு துளியும் இருக்கும்போது நெருப்பைக் காட்டக்கூடாது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, சூட்டில் சிதைந்தால் நஞ்சும் வரும்.

நான் புதுக் காயில் போட்டேன், 2025 பிப்ரவரியில். கோடைக்கு முன்பே செய்ததில் காயில் ஒரு வாரத்தில் கிடைத்தது. மே மாதத்தில் இதே காயிலுக்கு மூன்று வாரம் காத்திருந்த பக்கத்து வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். காயில் ஒன்பதரை ஆயிரம், கேஸும் கூலியும் தனி. மொத்தம் பதினாலாயிரத்தைத் தொட்டது. ஆறு வயதான, கம்ப்ரசருக்கு இன்னும் நாலு வருஷம் வாரண்டி இருக்கிற இன்வெர்ட்டருக்கு இது தகும் என்று நினைத்தேன். வாரண்டி கார்டைப் படித்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன். "10 வருஷம்" என்று பெரிய எழுத்தில் இருப்பது கம்ப்ரசருக்கு. காயிலும் கேஸும் பல கார்டுகளில் முதல் வருஷத்தோடு நின்றுவிடுகின்றன, சிலவற்றில் காயிலுக்கும் ஐந்து வருஷம் இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன் அந்தப் பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள்.

கால்வாய் அங்கேயேதானே இருக்கிறது, புதுக் காயிலும் கறுக்காதா? கறுக்கும். அதனால் மேலே பாதுகாப்புப் பூச்சு உள்ள காயிலாகக் கேட்டு வாங்கினேன். ஜன்னலில் கால்வாய்ப் பக்கத்துக் கதவை மூடியே வைக்கிறோம். ஐந்து வருஷம் ஓடினால் எனக்கு லாபம்தான்.

வழி நான்கு: மாற்றிவிடுவது

ஹாலில் இருந்தது 2011 மாடல், ஆர்-22, ஒரே வேகத்தில் ஓடுகிற பழைய ஃபிக்ஸட் ஸ்பீடு. அதன் கண்டன்சரே (அவுட்டோரில் இருக்கும் காயில்) உப்பில் உதிர்ந்து கசியத் தொடங்கியது. இங்கே நாங்கள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

காரணம் மூன்று. 2025 தொடக்கத்திலிருந்து ஆர்-22 வைத்துப் புது ஏசி தயாரிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை. ஓசோன் படலத்துக்காக 1987-இல் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் தொடர்ச்சி அது. சர்வீஸுக்குக் கேஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் அது குறைந்துகொண்டே போகிற சரக்கு, கலப்படமும் அதிகம். இரண்டாவது, மின்சாரம். கம்ப்ரசர் ஓடும்போது அது மணிக்கு 1.6 யூனிட் போல இழுத்தது. ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் அறை குளிர்ந்தபிறகு அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மூன்றாவது, 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. வரிக்கு முன் முப்பதாயிரம் உள்ள பெட்டியில் மூவாயிரம் ரூபாய் மிச்சம். அக்டோபரில் வாங்கினோம்.

ஆனால் "பழசு கசியுது, புதுசு வாங்கிடலாம்" என்பதை எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். ஹால் ஏசி தினம் ஒரு மணி நேரம், அதுவும் விருந்தாளி வந்தால் என்று ஓடுகிற வீட்டில், மின்சார மிச்சத்தை வைத்து விலையை மீட்கப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகும். தினம் எட்டு மணி நேரம் ஓடுகிற அறைக்குத்தான் ஐந்து நட்சத்திரத்தின் கூடுதல் விலை தகும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். புதுப்பெட்டி என்றால் கசிவு வராது என்பதும் பிரமை. நான் பார்த்தவரை புது ஏசியில் முதல் வருஷத்தில் வரும் கசிவுக்குக் காரணம் பெரும்பாலும் மாட்டிவிட்டுப் போனவரின் அவசர ஃப்ளேர்தான். பழைய குழாயையே புதுசுக்கும் மாட்டப் பார்ப்பார்கள். ஆர்-22 ஓடிய குழாயில் பழைய எண்ணெய் படிந்திருக்கும், அது புது வாயுவின் எண்ணெயோடு ஒத்துப்போகாது. குழாய்க்குத் தனியாகக் காசு கொடுத்துவிடுவது நல்லது.

போனில் கேட்க மூன்று கேள்வி

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒருவர் வந்து கேஸ் ஏற்றத்தான் போகிறார். அவரைத் தேர்ந்தெடுக்க நான் போனிலேயே மூன்று கேட்கிறேன். நைட்ரஜன் சிலிண்டர் கொண்டுவருவீர்களா? வேக்கம் பம்ப் இருக்கிறதா? தராசு இருக்கிறதா?

வேக்கம் எதற்கென்றால், குழாய்க்குள் போன காற்றையும் ஈரத்தையும் இழுத்து வெளியேற்ற. இருபது, முப்பது நிமிஷமாவது ஓட வேண்டும். சிலர் பம்புக்குப் பதில் கொஞ்சம் கேஸையே விட்டுக் காற்றைத் தள்ளிவிட்டு முடித்துக்கொள்வார்கள். இப்போதைய ஏசிகளின் செயற்கை எண்ணெய் ஈரத்தை ஸ்பாஞ்ச் மாதிரி உறிஞ்சும், பிறகு அமிலமாகிக் கம்ப்ரசரையே அரிக்கும். தராசு எதற்கென்றால், பெயர்ப் பலகையில் இத்தனை கிராம் என்று போட்டிருக்கும் அளவை எடைபோட்டு ஏற்ற. இன்வெர்ட்டரில் கேஜ் முள் கம்ப்ரசரின் வேகத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருக்கும். அதை மட்டும் பார்த்து ஏற்றுவது குத்துமதிப்பு. அதிகமாகப் போனாலும் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரியாது.

போன மாதம் அக்கா மகளுக்காக நாலு பேரிடம் பேசினேன். இரண்டு பேர் மூன்றுக்கும் ஆமாம் என்றார்கள். ஒருவர் நைட்ரஜனுக்கு ஐந்நூறு கூடுதல் என்றார், நியாயம்தான். நாலாவது ஆள், "தராசு எதுக்கு சார், நான் என்ன காய்கறியா விக்கிறேன்?" என்றார். நல்ல மனுஷன், குரலிலேயே தெரிந்தது. அவரைக் கூப்பிடவில்லை.